சுழன்றால் மட்டும் போதுமா? விசிறிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

மின்விசிறி என்றதும் எமது நினைவுக்கு வருவது ஊரில் வீட்டுக் கூரையில் தொங்கிய பெரிய விசிறியே. சுவிற்சர்லாந்தின் குளிரில் அதற்கென்ன வேலை என்று எண்ணுகிறோம். ஆனால் இன்று இங்கு வாழும் எமது குடும்பங்களின் வீடுகளில் நாலைந்து விசிறிகளாவது கண்ணுக்குத் தெரியாமல் சுழன்றுகொண்டிருக்கின்றன. பிள்ளைகளின் கணனிக்குள் ஒன்று, அவர்களின் விளையாட்டுப் பெட்டிக்குள் ஒன்று, நுண்ணலை அடுப்புக்குள் ஒன்று, பனி படியாத குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒன்று, சன்னல் இல்லாத குளியலறையின் சுவரில் ஒன்று. கடை நடத்துவோரின் குளிர்ப் பெட்டிகளிலும், விழா மண்டபத்துக்குக் கொண்டு செல்லும் ஒலிபெருக்கிக் கருவிகளிலும் இன்னும் பல உண்டு.

ஒரு கருவியில் அசையும் உறுப்பு பெரும்பாலும் விசிறி ஒன்றே. அசைவதே முதலில் தேயும். ஆகவே பல கருவிகளில் முதலில் நோய்ப்படுவது விசிறிதான். அப்போது எம்மவர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர் நல்ல கருவியைக் குப்பைக்கு அனுப்பிவிட்டுப் புதியதற்குப் பல நூறு பிராங் கொடுக்கின்றனர். வேறு சிலர் துவாரத்தில் அடங்கும் ஏதாவதொரு விசிறியை வாங்கிப் பூட்டி, அது சுழல்வதைக் கண்டதும் திருப்தியடைகின்றனர். முன்னவருக்கு அன்றே நட்டம். பின்னவருக்குச் சில மாதங்களின் பின் நட்டம்.

1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருண்டு கிடந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட மக்கள் நாம். இருப்பதைக் கொண்டு காரியம் பார்க்கும் கெட்டித்தனம் எமக்குப் புதிதன்று. ஆயினும் அந்த டைனமோவிலும் ஓர் அளவு இருந்தது. சில்லின் வேகம் கூடக்கூட மின்னழுத்தமும் கூடும். அளவறிந்து மிதித்தவரின் வானொலியே நீடித்தது. அந்த அளவறிதலே இங்கும் வேண்டும்.

வெப்பம் என்னும் மெல்லக் கொல்லும் நோய்

விசிறி நின்றவுடன் கருவி உடனே இறந்துவிடுவதில்லை. பல நாட்கள் ஓடும். இதுவே எம்மை ஏமாற்றுகிறது. மின்சுற்றுகளில் உள்ள சிறிய உருளை வடிவக் கொள்ளளவிகளுக்குள் ஒருவகைத் திரவம் உண்டு. வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் உயரும்போதும் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. 20 பாகை உயர்ந்தால் ஆயுள் காற்பங்கு. எட்டு ஆண்டுகள் உழைக்க வேண்டிய உறுப்பு இரண்டு ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். தவறான விசிறியும் நின்றுபோன விசிறியைப் போன்றதே. வேறுபாடு என்னவெனில், அது சுழல்வதால் எவரும் சந்தேகிக்க மாட்டார்.

முதலில் நோயை அறியுங்கள்

இரைச்சல் கேட்டதும் விசிறி பழுது என்று முடிவு செய்ய வேண்டாம். மின் இணைப்பைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். பல வேளைகளில் தூசியே குற்றவாளியாக இருக்கும். மென்மையான தூரிகையால் துடைத்து, இதழ்களை விரலால் பிடித்துக்கொண்டு ஊதி அகற்றலாம். பிடிக்காமல் பலமாக ஊதினால் விசிறி அளவு கடந்த வேகத்தில் சுழன்று தன் தாங்கியைத் தானே கெடுத்துக்கொள்ளும்.

தூசி போன பின்பும் கரகரத்தால், அல்லது விரலால் தட்டிவிட்டால்தான் சுழலத் தொடங்கினால், தாங்கி தேய்ந்துவிட்டது என்று பொருள். ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் சில வாரங்களுக்கு உதவக்கூடும். அது மருந்தன்று, வலிநிவாரணி. தேங்காய் எண்ணெயை ஒருபோதும் விடாதீர்கள். ஏறத்தாழ 24 பாகையிலேயே உறையத் தொடங்கும் அந்த எண்ணெய், சுவிஸ் வீட்டின் 20 பாகைச் சூட்டில் விசிறியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

கருவி வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகாவிட்டால் திறக்கவே வேண்டாம். 2013ஆம் ஆண்டு முதல் சுவிஸ் சட்டத்தில் புதிய பொருள்களுக்கான பொறுப்புக் காலம் இரண்டு ஆண்டுகளாக உள்ளது. பற்றுச்சீட்டுடன் விற்றவரிடமே கொண்டு செல்லுங்கள்.

பொருத்தம் பார்க்கும் முறை

திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். விசிறிக்கு ஏழு போதும். பழைய விசிறியின் நடுவில் ஒட்டப்பட்டிருக்கும் சீட்டே அதன் சாதகம். கழற்றுவதற்கு முன் அதனைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள்.

முதலாவது, உருவப் பொருத்தம். சதுரச் சட்டத்தின் வெளி அளவை அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளக்க வேண்டும். வழக்கமான அளவுகள் 40, 60, 80, 92, 120, 140. திருகாணித் துவாரங்களுக்கிடையேயான தூரம் வேறு. 80 மி.மீ. விசிறியில் அது 71.5, 92இல் 82.5, 120இல் 105. துவாரத் தூரத்தை அளந்துவிட்டு அதுவே விசிறியின் அளவென்று கடையில் சொல்பவர்கள் வெறுங்கையுடன் திரும்புவர். தடிப்பையும் அளவுங்கள். 25 மி.மீ. பரவலானது. 10, 15, 20, 38 ஆகியனவும் உண்டு. தடிப்பில் 10 மி.மீ. கூடினால் மூடி பூட்ட முடியாது. குறைந்தால் காற்று குறையும்.

இரண்டாவது, மின்னழுத்தப் பொருத்தம். திருமணத்தில் வேறு எத்தனை பொருந்தினாலும் இரச்சுப் பொருந்தாவிட்டால் பெரியவர்கள் தயங்குவதுண்டு. விசிறியின் இரச்சு மின்னழுத்தமே. நேரோட்டத்தில் இயங்குபவை 5, 12, 24, 48 வோல்ற்று எனப் பலவகை. ஆடலோட்டத்தில் இயங்குபவை 115 அல்லது 230 வோல்ற்று. 12 வோல்ற்று விசிறியை 24 வோல்ற்றில் பூட்டினால் கருகும். 24 வோல்ற்று விசிறியை 12இல் பூட்டினால் சோம்பலாகச் சுழலும், அல்லது சுழலத் தொடங்கவே மாட்டாது. இதில் ஏறத்தாழ என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது, ஓட்டப் பொருத்தம். சீட்டில் 0.25 அம்பியர் என்று இருக்கும். 12 வோல்ற்றால் பெருக்கினால் 3 வாற்று. புதிய விசிறி இதைவிட மிகுதியாக இழுத்தால் அதற்கு மின்னூட்டும் சுற்று தாங்காது கருகக்கூடும். மிகவும் குறைவாக இழுத்தால், பெரும்பாலும் அது காற்றையும் குறைவாகவே தரும். பழையதற்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருப்பது நன்று.

நான்காவது, காற்றுப் பொருத்தம். மிகுதியானோர் தவறவிடுவது இதனையே. ஊரில் அடுப்பு மூட்டிய தாய்மார் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். பனையோலை விசிறி நிறையக் காற்றை அசைக்கும். ஆயினும் சாம்பல் மூடிய தணலுக்குள் காற்றைச் செலுத்த ஊதுகுழல்தான் வேண்டும். முன்னையது காற்றின் அளவு, பின்னையது காற்றின் அழுத்தம். திறந்த பெட்டிக்கு விசிறியின் குணம் போதும். நெருக்கமான உலோகத் தகடுகளுக்கிடையே காற்றைத் தள்ள ஊதுகுழலின் குணமும் தேவை. விற்பனைத் தாளில் அளவு மணிக்கு இத்தனை கனமீற்றர் என்றும், அழுத்தம் பஸ்கால் அல்லது மில்லிமீற்றர் நீர் என்றும் குறிக்கப்படும். அமெரிக்கக் கணக்கில் நிமிடத்துக்கு இத்தனை கனவடி என்றிருந்தால் 1.7ஆல் பெருக்குங்கள். 50 கனவடி என்பது மணிக்கு 85 கனமீற்றர்.

அமைதியான விசிறி என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்குவோருக்கு ஒரு கணக்கு. ஒரே விசிறியின் வேகத்தை அரைவாசியாக்கினால் காற்றின் அளவு அரைவாசியாகும். அழுத்தமோ காற்பங்காகிவிடும். படுக்கையறையில் இரைச்சல் குறைவது நல்லதே. ஆனால் அந்த அமைதிக்கு விலை கொடுப்பது உள்ளேயிருக்கும் உறுப்புகள்.

ஐந்தாவது, கம்பிப் பொருத்தம். இரண்டு கம்பிகள் இருந்தால் மின்சாரம் மட்டும். மூன்றாவது கம்பி, தான் சுழல்வதைக் கருவிக்கு அறிவிக்கும் தூதுவன். நான்காவது கம்பி வேகத்தைக் கட்டளையிடுவது. மூன்றாவது கம்பியிலும் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று சுற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு துடிப்புகள் அனுப்பும். மற்றையது, விசிறி நின்றுவிட்டதா இல்லையா என்று மாத்திரம் சொல்லும். மாறிப் பூட்டினால் விசிறி நன்றாகச் சுழலும்போதே கருவி “விசிறிப் பழுது” என்று காட்டி இயங்க மறுக்கும். நிறத்தையும் கண்மூடி நம்ப வேண்டாம். மூன்று கம்பி விசிறிகள் பலவற்றில் மஞ்சள் தூதுவன். கணனிகளுக்கான நான்கு கம்பி ஒழுங்கில் அதே மஞ்சள் 12 வோல்ற்றைச் சுமக்கும்.

ஆறாவது, தாங்கிப் பொருத்தம். வழுக்குத் தாங்கி மலிவு, தொடக்கத்தில் அமைதி. ஆனால் வெப்பத்தில் விரைவில் உலரும். விசிறி தட்டையாகப் படுத்திருக்கும் இடங்களில் அது நீடிப்பதில்லை. குண்டுத் தாங்கி சற்று ஓசையிடும், ஆயினும் எந்நிலையிலும் உழைக்கும். ஆயுள் 30,000 மணித்தியாலம் என்றிருந்தால், ஓயாது ஓடும் கருவியில் அது மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. 60,000 என்றிருந்தால் ஏழு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. இரவு பகலாக ஓடும் கருவிக்குச் சில பிராங் கூடக் கொடுத்துப் பின்னையதை வாங்குவதே சிக்கனம்.

ஏழாவது, திசைப் பொருத்தம். சட்டத்தின் ஓரத்தில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கலாம். ஒன்று இதழ் சுழலும் திசை, மற்றையது காற்றுச் செல்லும் திசை. குறியில்லாவிட்டால், சீட்டு ஒட்டிய பக்கமாகவே பெரும்பாலும் காற்று வெளியேறும். பழையது உள்ளே இழுத்ததா வெளியே தள்ளியதா என்று ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பார்த்துக் குறித்து வையுங்கள். திசை மாறினால் ஏனைய ஆறு பொருத்தங்களும் வீணே.

சீட்டின் எழுத்துகளை வாசித்தல்

விசிறியின் இலக்கத்தில் உற்பத்தியாளர்கள் பல செய்திகளை அடக்கியுள்ளனர். சுவிஸ் எல்லைக்கு அப்பால் ஜேர்மனியின் கருங்காட்டிலுள்ள சென் கியோர்கன் ஊரில் 1942இல் தொடங்கப்பட்ட பாப்ஸ்ட் நிறுவனம், 2003 முதல் எபம்-பாப்ஸ்ட் என்ற பெயரால் வழங்குகிறது. அதன் 8412 என்ற விசிறி 80 மி.மீ., 12 வோல்ற்று. 8414 என்றால் அதே உருவம், 24 வோல்ற்று. 4418 என்றால் 120 மி.மீ. வகுப்பு, 48 வோல்ற்று. ஓர் இலக்கம் மாறினால் மின்னழுத்தம் இருமடங்கு. தாய்வானின் டெல்டா நிறுவனத்தின் 0812 என்ற தொடரில் முதல் இரண்டு இலக்கங்கள் 80 மி.மீ., பின்னிரண்டும் 12 வோல்ற்று. அதே தாய்வானின் சுனொன் நிறுவனம் 1208 என்று மாற்றி எழுதும். முன்னே வோல்ற்று, பின்னே அளவு. யப்பானின் என்.எம்.பி. விசிறிகளில் 3110 என்றிருந்தால் அது அங்குலக் கணக்கு. 3.1 அங்குலம் அகலம், 1 அங்குலம் தடிப்பு. அதாவது நாம் 80 மி.மீ., 25 மி.மீ. என்று அழைப்பதே.

இலக்கத்தின் பின்னால் வரும் எழுத்துகளையும் விடாமல் எழுதுங்கள். வேகமும் தாங்கியும் கம்பியின் வகையும் பெரும்பாலும் அங்கேதான் மறைந்திருக்கும். அதே இலக்கம் கிடைத்தால் வேறு பொருத்தம் பார்க்கத் தேவையில்லை.

கனடாவிலிருந்து வந்த கருவிகள்

எமது குடும்பங்கள் பல நாடுகளில் சிதறி வாழ்கின்றன. பொருள்களும் நாடு விட்டு நாடு பயணம் செய்கின்றன. சுவிஸிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். அங்கிருந்து உறவினர் கொண்டுவந்த ஒலிபெருக்கிக் கருவிக்கு இங்கு மின்மாற்றி பூட்டினால் வோல்ற்று சரியாகும். மீடிறன் மாறாது. அதனுள் இருக்கும் விசிறி ஆடலோட்ட வகையாயின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே சுழலும். அப்படிப்பட்ட கருவிக்கு மாற்று விசிறி வாங்கும்போது, கருவி எந்த நாட்டது என்பதையன்றி, விசிறிக்கு உண்மையில் எத்தனை வோல்ற்று சென்றடைகிறது என்பதையே பார்க்க வேண்டும். அதை அளக்கத் தெரிந்தவரே அளக்கட்டும்.

கடைக்காரருக்கு ஒரு சொல்

குளிர்ப் பெட்டியின் பின்புறத்தில் வெப்பத்தை வெளியேற்றும் விசிறி நின்றால் அமுக்கி ஓயாது ஓடும். மின் கட்டணம் ஏறும். ஈற்றில் அமுக்கியே எரியும். அங்கு பயன்படும் மோட்டர்கள் 5, 10, 16, 25, 34 வாற்று என்ற படிகளில் வரும். இதழ் தனியாக வரும், 200, 230, 254, 300 மி.மீ. எனப் பல அளவுகள். இதழில் காற்றை இழுப்பது, தள்ளுவது என்று இருவகை உண்டு. 10 வாற்று மோட்டருக்குப் பெரிய இதழைப் பூட்டினால் மோட்டர் சூடேறி எரியும். குளிர்வாயு ஓடும் குழாய்களை மட்டும் தொட வேண்டாம். அவ்வேலைக்கு சுவிஸில் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும்.

தொடக்கூடாதவை

நுண்ணலை அடுப்பைத் திறக்காதீர்கள். மின் இணைப்பைக் கழற்றிய பின்பும் அதன் கொள்ளளவி உயிரைப் பறிக்கும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். கணனியின் மின்வழங்கிப் பெட்டியும் அத்தகையதே.

குளியலறை விசிறி வேறொரு காரணத்தால் எம் கைக்கு உரியதன்று. அது கட்டடத்தின் நிலையான மின்னிணைப்பைச் சேர்ந்தது. அவ்வேலையைச் செய்வதற்குப் பொதுவாக அனுமதி பெற்ற மின்னியலாளரே உரியவர். வாடகை வீட்டில், சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 259ஆம் பிரிவின்படி சிறிய துப்புரவும் சிறு திருத்தங்களுமே குடியிருப்பவரின் பொறுப்பு. வடிகட்டித் தகட்டைக் கழுவுவது எம் வேலை. மோட்டரை மாற்றுவது வீட்டு உரிமையாளரின் வேலை.

ஆனால் அதே சட்டத்தின் 257ஜி பிரிவு எமக்கும் ஒரு கடமையை விதிக்கிறது. நாம் திருத்தக் கடமைப்படாத குறையை உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் இருந்து அதனால் சேதம் விளைந்தால் பொறுப்பு எம்முடையதாகும். குளியலறை விசிறி நின்று ஆறு மாதமாகியும் பேசாதிருந்து, சுவரில் பூஞ்சணம் படர்ந்தபின், “நீங்கள் சமைக்கும் ஆவியால் வந்தது” என்று வீட்டு நிர்வாகம் சொல்லும்போது எமது கையில் என்ன சான்று இருக்கும்? மொழி தெரியாத தயக்கத்தால் வாய் மூடியிருக்க வேண்டாம். விசிறி நின்ற திகதியை எழுதி, இரண்டு வரியில் கடிதம் அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி செல்லும் பிள்ளையே அக்கடிதத்தை எழுதித் தரும்.

உதவிக்கு எங்கே செல்வது?

2009இல் ஆம்ஸ்ரடாம் நகரில் தோன்றிய ரிப்பேர் கஃபே என்னும் திருத்தச் சந்திப்புகள் இன்று சுவிஸின் பல ஊர்களில் நடைபெறுகின்றன. பேர்ணில் இயங்கும் நுகர்வோர் பாதுகாப்பு நிறுவனம் இவற்றுக்கு ஊக்கமளிக்கிறது. தன்னார்வலர் உங்களோடு அமர்ந்து திருத்துவர். வேலைக்குக் கூலி கேட்பதில்லை. உதிரிப்பாகம் தேவையாயின் அதற்கு மட்டும் பணம். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கருவியின் உள்ளே பார்த்த பிள்ளை அதனை எறிவதற்கு முன் ஒருமுறை யோசிக்கும்.

திருத்த முடியாத கருவியைத் தெருவோரம் வைக்காதீர்கள். மின் கருவிகளை விற்கும் கடைகள், தாம் விற்கும் வகையைச் சேர்ந்த பழைய கருவிகளை இலவசமாகத் திரும்பப் பெற வேண்டும் என்பது சுவிஸில் விதி. அதற்கான கட்டணத்தைப் புதியது வாங்கும்போதே நாம் செலுத்திவிடுகிறோம்.

கடைக்குச் செல்லுமுன் பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: சீட்டில் உள்ள முழு இலக்கம், அகலமும் தடிப்பும், வோல்ற்றும் அம்பியரும், நேரோட்டமா ஆடலோட்டமா, கம்பிகளின் எண்ணிக்கையும் செருகியின் உருவமும், காற்றின் திசை, கருவி நாளுக்கு எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்பது. இயலுமாயின் பழைய விசிறியையும் கையில் கொண்டு செல்லுங்கள். புதியதைப் பூட்டிய பின் ஒரு மணித்தியாலம் கருவியை ஓடவிட்டு, வெளியேறும் காற்றில் கையை வைத்துப் பாருங்கள். காற்று வழமையைவிடச் சூடாகவோ மெலிந்தோ வந்தால், விசிறி சுழல்கிறதே என்று சமாதானம் அடையாமல் அந்தத் தாளை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.